சம்பந்தி முன்னால், நான் பின்னால்

ஜூன் 10, செவ்வாய்

மின்வாரியத்தில் ஷிப்ட் பார்த்த காலத்திலிருந்து லாக் புத்தகம் எழுதிப் பழகிய கை இது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. துணைமின் நிலையத்தில் எழுதியது போலத்தான் இங்கேயும். நடந்ததை எழுதுவேன். நினைத்ததை எழுதுவதில்லை.

இன்று காலை பிரெஞ்சு நகரமான நாந்திலிருந்து சைக்கிளில் புறப்பட்டோம், நானும் சம்பந்தியும். கடலோரமாகத் தெற்கே இறங்கி லா ரொஷேல் வரை போவதாக ஏற்பாடு. வழி முழுக்கச் சதுப்பு நிலமும் கால்வாயும், ஏற்றம் என்பதே கிடையாது என்று மாப்பிள்ளை சொன்னார். சைக்கிள் வாடகைக்கு எடுத்தது, அறைகளுக்குச் சொல்லி வைத்தது எல்லாம் பிள்ளைகள்தான். அடுத்த புதன்கிழமை லா ரொஷேலுக்கு இரண்டு பேரும் வந்து எங்களை அழைத்துப் போவார்கள்.

சம்பந்தி பெயர் வெள்ளிங்கிரி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவர் மகன் யுகேந்திரன்தான் என் மகள் மதியைக் கட்டியிருக்கிறார். நாந்தில் படிக்கப் போன இடத்தில் இரண்டு பேரும் தாங்களே பார்த்து முடிவு செய்தது. வெள்ளிங்கிரி தட்டோடு எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்கு வந்து, "புள்ளைங்க முடிவு பண்ணிட்டாங்க. நாம என்னங்க பண்றது, காப்பி குடுங்க" என்றார். எனக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப்போயிற்று. என் மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலையில் போன் செய்கிறார். மோட்டார் இழுக்கவில்லை, ஸ்டார்ட்டர் கரகர என்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்பார். ஒரு தோப்பில் இத்தனை மோட்டார் கெட்டுப்போகாது என்பது ஒரு மின்வாரியக்காரனுக்குத் தெரியாதா. கேட்டதற்குப் பதில் சொல்வேன்.

நாங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மதி சின்ன அறையில் படுக்கிறாள். மாப்பிள்ளை குறட்டை விடுவாராம். பிரிட்ஜில் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு அவருக்கு. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், சாப்பிடும் நேரம் வேறு வேறு. ஒருவருக்கொருவர் மிக மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் வாயைத் திறந்தால் விஷயம் வேறு மாதிரி ஆகிவிடும். சம்பந்தி மனம் கோணாமல் இந்தப் பயணத்தை முடித்துவிட்டால் போதும். அவர் மகனிடம் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நேராகிவிடும். எனக்கு இங்கே வேலை அது ஒன்றுதான்.

ஆகவே சாலையில் சம்பந்தி முன்னால், நான் பின்னால். அறையில் ஜன்னலோரக் கட்டில் அவருக்கு. சாப்பாடு முதலில் அவர் தட்டில்.

லுவார் ஆற்றைப் படகில் கடந்தோம். சைக்கிளோடு ஏற்றிக்கொண்டு காசே வாங்காமல் அக்கரையில் இறக்கிவிட்டார்கள். அப்புறம் மாலை வரைக்கும் ஒரு கால்வாயின் கரை. இரண்டு பக்கமும் நாணல். தூண்டில் போட்டுவிட்டு மடக்கு நாற்காலியில் தூங்கும் ஆட்கள். சம்பந்தி பொள்ளாச்சி சைக்கிள் கிளப்பில் வாங்கிய இறுக்கமான கால்சட்டையைப் போட்டிருக்கிறார். எதிரே வந்த பெண்கள் வணக்கம் சொன்னபோது பையை முன்னால் இழுத்து மறைத்துக்கொண்டார். நான் பேண்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகி ஓட்டுகிறேன். அறைக்கு வந்ததும் அவர் அப்பாடா என்று கட்டிலில் விழுந்துவிட்டார். எனக்குக் களைப்பே இல்லை. முப்பது வருஷம் சைக்கிளில் வேலைக்குப் போன கால் என்று அவரிடம் சொன்னேன்.

மற்றபடி எல்லாம் சரி.

ஜூன் 11, புதன்

மழை. சம்பந்தியின் பின்சக்கரம் தெளித்த சேறு முழுக்க என் முகத்தில். முறை என்றால் அதையும் சேர்த்துத்தான்.

ஜூன் 12, வியாழன்

கடலை விட்டு உள்ளே திரும்பியதும் உப்பளம் வந்தது. தூத்துக்குடியில் ஏழு வருஷம் குப்பை கொட்டியவன் நான், வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் இங்கே பாத்திகள் சின்னவை, களிமண் நிறம். நம் ஊர்போலக் கண்ணைக் கூசும் வெள்ளை இல்லை. ஒருவன் நீளக் கம்பில் பலகை கட்டி, குழந்தைக்குத் தலை வாருவது போல அவசரமில்லாமல் உப்பை வாரிக்கொண்டிருந்தான்.

ஓரத்தில் ஒரு கொட்டகை. உப்பைத் துணிப்பையில் கட்டி விற்கிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்கென்று நான் ஒரு பை எடுத்தேன். சம்பந்தி இரண்டு எடுத்தார்.

"எதுக்கு ரெண்டு? ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்லா. அதும் நான் எடுத்துட்டேன்" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றார். கொட்டகைக்காரனிடம் உப்பைப் பற்றி என்னவோ சைகையில் விசாரிக்கப் போய்விட்டார்.

அவர் பையில் ஒரு குட்டி ரைஸ் குக்கர் இருக்கிறது. சமைக்கக் கூடாது என்று அறைச் சுவரில் ஒட்டியிருந்தாலும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சமைக்கிறோம். இரவுக்குச் சோறும் பருப்புப்பொடியும். நெய்யை முதலில் அவருக்கு விட்டேன்.

"நீங்க மொதல்ல போட்டுக்கங்க. தினமும் எனக்கே மொதல்ல வெக்கறீங்க."

"அது கெடக்கட்டும். நீங்க சாப்பிடுங்க."

ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பருப்புப்பொடி காரம் போலிருக்கிறது.

மதி போன் செய்தாள். "சாப்ட்டியளாப்பா? முழங்கால் எப்படியிருக்கு?" என்றாள். அவள் பக்கம் ரயில் நிலைய அறிவிப்பு கேட்டது. அதே நேரம் சம்பந்தியின் போனில் மாப்பிள்ளை, வீட்டில்தான் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை விஷயமாக அவள் வெளியூர் போயிருப்பாள். கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்று வழி தவறியது. அதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சதுப்பு நிலத்தின் நடுப்பகுதி இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே காட்சி. தட்டையான புல்வெளி, அதைக் கட்டம் கட்டமாக அறுக்கும் வாய்க்கால்கள், வாய்க்கால் ஓரம் கொக்கு, கட்டத்துக்கு நாலு மாடு. கடல்நீர் ஏறி இறங்க ஆங்காங்கே மதகு. சைக்கிள் பாதைக்குப் பச்சை எழுத்தில் சின்னப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் பலகை இடதுபக்கம் திரும்பச் சொன்னது. சம்பந்தி நேரே போனார். எனக்குப் பலகை தெளிவாகத் தெரிந்தது. கூப்பிட வாய் வரைக்கும் வந்துவிட்டது. முந்தாநாள் ஒரு திருப்பத்தில் "இடது" என்று சத்தம் கொடுத்தபோது அவர் பதறிப் பிரேக் பிடித்து, "மன்னிச்சுக்கங்க சம்பந்தி" என்று நாலு தடவை சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சம்பந்தியைத் திருத்த நான் யார். அவர் பின்னாலேயே போனேன்.

தார் ரோடு மண்ணாகி, மண் புல்லாகி, கடைசியில் அகலமான ஒரு கால்வாயில் போய் முடிந்தது. பாலம் இல்லை. எங்களைப் பார்த்து மாடுகள் மேய்வதை நிறுத்தின.

"போர்டு எடது பக்கம் போட்டிருந்துச்சுங்களா?" என்றார் சம்பந்தி.

"போட்டிருந்து."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நானும் பாத்தனுங்க. தாண்டினதுக்கப்புறம். நிறுத்தலாம்னு திரும்பினா நீங்க பின்னாலயே வந்துட்டிருந்தீங்க. இஞ்சினியரு பேசாம வர்றாரு, இதுலயும் ஒரு வழி இருக்குமாட்டிருக்குதுன்னு மிதிச்சனுங்க."

"நீங்க போறியன்னுதான் நான் வந்தேன்."

சைக்கிள்களைப் புல்லில் சாய்த்து வைத்தோம். பிறகு அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பிப் போவதென்றால் வந்த தூரம் முழுக்கப் போக வேண்டும்.

சத்தம் கேட்டு அக்கரையில் ஒரு அம்மாள் வந்தாள். ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. மாடுகள் அவளுடையவை. பெயர் மரிவோன் என்று பிறகு தெரிந்தது. முதலில் ஒரு நீண்ட கழியைக் கொண்டுவந்து, அதைத் தண்ணீரில் ஊன்றித் தாண்டிவிடலாம் என்று நடித்துக் காட்டினாள். அவர்கள் அப்படித்தான் வாய்க்கால் தாண்டுவார்களாம். சம்பந்தி தன் தொப்பையைத் தொட்டுக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் உரக்கச் சிரித்துவிட்டு, தட்டையான ஒரு படகைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

படகில் சைக்கிளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது கேள்விகள் கேட்டாள். சம்பந்தி போனில் மொழிபெயர்ப்பைப் போட்டார்.

நீங்கள் அண்ணன் தம்பியா என்றது போன்.

இல்லை என்று சம்பந்தி தலையாட்டி, மைக்கைப் பார்த்துத் திருத்தமாகச் சொன்னார். "இவர் என் மகனுடைய மனைவியின் அப்பா."

அவள் கழியை நிறுத்தி யோசித்தாள். அப்படி ஒரு உறவுக்கு எங்கள் மொழியில் பெயர் இல்லை என்று போன் சொன்னது. பிள்ளைகளால் கிடைத்த நண்பர், அப்படித்தானே என்றும் கேட்டது.

சம்பந்தி என்னைப் பார்த்தார். "நண்பருங்களாமா" என்றார்.

நண்பர் என்பது சரியில்லை. நண்பனுக்குப் பின்னால் யாரும் முட்டுச்சந்து வரைக்கும் பேசாமல் போவதில்லை. ஆனால் விளக்கிச் சொல்லப் போனால் அக்கரையே வந்துவிடும். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

ஜூன் 14, சனி

கடற்கரை ஊர் ஒன்றில் தங்கல். பைன் காட்டுக்குள் நல்ல பாதை. மாலையில் நான் வெளியே சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அவருடையதையும் சேர்த்து. அறை ஜன்னல் திறந்திருந்தது. சம்பந்தியம்மா பொள்ளாச்சியிலிருந்து ஸ்பீக்கரில் பேசினார். முழங்கால் ஆபரேஷன் ஆனதால் அவர் எங்களோடு வரவில்லை.

"சொல்லிட்டீங்களா இல்லீங்களா?" என்றார்.

"இன்னும் இல்ல சாமி."

"இன்னும் எத்தன நாளைக்கு? அந்த மனுசன் பாவமுங்க."

யாரைப் பற்றி என்று தெரியவில்லை. தோப்பில் காவலுக்கு இருக்கும் ஆளை மாற்றப்போவதாக அவர் முன்னே சொன்னதுண்டு. செயினில் மணல் அதிகம். மண்ணெண்ணெய் இருந்தால் நன்றாகப் போயிருக்கும்.

மற்றபடி எல்லாம் சரி.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் காபி குடிக்கும்போது சம்பந்தி சொன்னார், "ஞாயித்துக்கிழமைங்க. வழக்கமா இந்நேரம் போன் பண்ணியிருப்பேன்."

"நேரிலயே கேளுங்க. எந்த மோட்டாரு?"

"மோட்டாருக்கு ஒண்ணுமில்லீங்க. கெழக்குத் தோப்புக்குப் போன மாசந்தான் புதுசு போட்டனுங்க. தண்ணி பிச்சுக்கிட்டு வருது. அதனால மோட்டாரப் பத்திக் கேக்க ஒண்ணுமில்ல. வேற ஒண்ணு பேசோணும்."

"புது மோட்டாருன்னா கெப்பாசிட்டர் போட்டியளா?" என்றேன்.

"போட்டிருக்குதுங்க. அது வந்து சம்பந்தி..."

"எத்தன மைக்ரோ பேரடு? நம்ம ஊர்க் கடைக்காரனுவள நம்பாதிய. குறைச்சலா மாட்டி விட்டுருவானுவ. அப்புறம் ஓல்டேஜ் கொறஞ்சா காயில் போயிரும். எர்த் எங்க அடிச்சிருக்கிய? தென்ன மரத்தடில அடிச்சா ஈரம் நிக்கும், நல்லது. ஆனா உப்பும் கரியும் போட்டுத்தான் அடிக்கணும்."

எர்த் பைப்பைப் பற்றி நான் இவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை. காபி ஆறிவிட்டது. சம்பந்தி எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார்.

அதற்குப் பிறகு வழியில் நிறைய பேசினேன். கொக்குகளைப் பற்றி, மீன்பிடி வலைகளைப் பற்றி, இந்த ஊர் டிரான்ஸ்பார்மர்களைப் பற்றி. அவர் இரண்டு தடவை சைக்கிளை நிறுத்தினார். இரண்டு தடவையும் நான் நிறுத்தாமல் மணியடித்தேன். முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவனுக்குத் தடங்கல்தானே.

ஜூன் 16, திங்கள்

பெரிய மீன்பிடித் துறைமுகம் ஒன்றைத் தாண்டி வந்தோம். காற்று இருந்ததாகச் சம்பந்தி சொன்னார். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. மாலையில் அவர் கால் வலி என்று படுத்துவிட்டார், நான் தைலம் எடுத்துக் கொடுத்தேன். மதி போன் செய்தபோது நான் குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். குளித்து முடித்து உட்கார்ந்துதான் இருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய். மரான் ஊரில்

இன்று நடந்ததை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். லாக் புத்தகத்தில் பிரேக்டவுனை எழுதாமல் விட்டால் அடுத்த ஷிப்ட்காரன் உயிர் போகும். எழுதுகிறேன்.

கடலிடமிருந்து பிடுங்கிய வயல்கள் வழியாக நாள் முழுக்க. கரை போட்டு, கடலைத் தள்ளி, தண்ணீரை வடித்து நிலமாக்கியிருக்கிறார்கள். கோதுமை பழுத்து நிற்கிறது. ஒரு மரம் கிடையாது. மத்தியானம் ஒரு மதகுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். காலையில் வடித்த சோற்றில் தயிர் ஊற்றிக் கொண்டுவந்திருந்தோம். நான் அவர் டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"சம்பந்தி, இன்னைக்கு மோட்டார் பேச வேண்டாமுங்க" என்றார்.

டப்பாவைக் கீழே வைத்தேன்.

"புள்ளைங்க பிரிஞ்சுக்கறதுன்னு முடிவு பண்ணிப்போட்டாங்க. வக்கீல்கிட்ட கையெழுத்தே ஆயிடுச்சுங்க. மதிக்குத் துலூஸ்ல வேல கெடச்சிருக்குது. இந்த மாசக் கடைசில போறா. வீடு பாக்கத்தான் போன வாரம் ரயில்ல அலஞ்சிட்டிருந்தா."

மதகுக்கு அடியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றேன்.

"எப்பருந்துங்க?"

"வந்து மூணாம் நாளே. பிரிட்ஜுல ரெண்டு பால் பாட்டில். ரெண்டுலயும் பேரு எழுதி ஒட்டியிருந்து. புருசன் பொண்டாட்டி பாலுக்குப் பேரு எழுத மாட்டாவ."

அதை நான் இந்தப் புத்தகத்தில்கூட எழுதவில்லை. தட்டைப் பற்றி எழுதினேன், பாட்டிலை விட்டுவிட்டேன்.

"பின்ன ஏனுங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்."

"நீங்க கேப்பீங்கன்னு நான் இருந்தனுங்க." கையை விரித்து எதிரே ஓடும் கால்வாயைக் காட்டினார். "மறுபடியும் அந்தப் படகுக்காரம்மாவத்தான் கூப்பிடோணும்."

சிரிக்கத்தான் சொன்னார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

"சண்டையாவது போட்டாவளா?" என்று கேட்டேன்.

"அதுகூட இல்லீங்க. நானும் யுகாகிட்ட ஒடைச்சுக் கேட்டேன். அவமேல ஒரு குத்தமும் இல்லப்பா, எங்களுக்குப் பேசறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லங்கறான். மூணு மாசமா நானும் அவங்கம்மாவும் சொல்லாத சமாதானமில்ல. அவங்க ரெண்டு பேரும் எங்களுக்குச் சமாதானம் சொல்றாங்க."

மூன்று மாதம். மூன்று மாதமாக அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலும் வந்தது, மாப்பிள்ளை மேலும் வந்தது. எல்லாவற்றையும்விட மதி மேல் வந்தது. பெற்ற தகப்பனிடம் சொல்லாமல் மாமனாரிடம் சொல்லியிருக்கிறாள். அதையே கேட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அவ உங்ககிட்டச் சொல்லத்தான் பாத்தாளுங்க. உங்க மொகத்தப் பாத்தா தெம்பு வரலைன்னு அழுதா. அம்மா இல்லாத புள்ள, யாருகிட்டப் போய்ச் சொல்லும்? அழாத கண்ணு, உங்கப்பாகிட்ட நாஞ் சொல்றேன்னு நாந்தான் வாக்குக் குடுத்தேன். இந்த சைக்கிள் ஏற்பாடே அதுக்குத்தானுங்க. ஒரு வாரத்துல ஒரு நேரம் வாய்க்காதான்னு பாத்தேன். நீங்க கெப்பாசிட்டர விட்டு எறங்கவே மாட்டேனுட்டீங்க."

ஜன்னலோரக் கட்டில், முதல் கரண்டி நெய், துடைத்து வைத்த செயின் எல்லாம் நினைவுக்கு வந்தது. கரண்ட்டே இல்லாத லைனுக்கு ஒரு வாரமாக நான் காவல் இருந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை எழுதினால் என்ன. அறுபத்தாறு வயதில், கோதுமை வயல் நடுவில், இறுக்கமான கால்சட்டை போட்ட ஒரு மனிதருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தோளைத் தொடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. டப்பாவை எடுத்து, தயிர்சோற்றைப் பிசைந்து, முதலில் என் கையில் வைத்தார்.

சாப்பிட்டோம். புளித்திருந்தது.

ஜூன் 18, புதன். லா ரொஷேல், பிறகு ரயிலில்

காலையில் வழக்கம்போல அவர் கிளம்பட்டும் என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஏறவில்லை.

"இன்னைக்கு நீங்க முன்னால போங்க."

"அது முறையில்லியே."

"இனி என்னங்க முறை" என்றார்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏறி மிதித்தேன்.

மரானிலிருந்து லா ரொஷேல் வரைக்கும் ஒரே கால்வாய், அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மாதிரி கடலைப் பார்த்துப் போகிறது. கடல்காற்று அதே வழியாக எதிரே வருகிறது. ஊரைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. தொடை இறுகிவிட்டது. நெஞ்சைப் பிடித்துத் தள்ளுவது போலிருந்தது. சைக்கிளில்தான் என்னவோ கோளாறு என்று இறங்கிப் பார்த்தேன். பிரேக் உரசவில்லை, டயரில் காற்று இருந்தது. பின்னால் சம்பந்தி விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் புரிந்தது.

"தெனமும் இப்படித்தான் காத்து அடிச்சுதா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. முன்னால போறவனுக்குத்தான் அடிக்கும். பின்னால வர்றவங்களுக்குத் தெரியாது. எங்க கிளப்புல மாத்தி மாத்திப் போவோம்."

"சொல்லக் கூடாதா? நானும் மாறியிருப்பேம்லா."

"முப்பது வருசம் மிதிச்ச காலுன்னு பெருமையாச் சொல்லிட்டிருந்தீங்க. அத ஏன் கெடுக்கோணும்?"

முன்னால் போகிறது மரியாதை என்று நான் அவரைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அவர் நாந்திலிருந்து எனக்குச் சேர்த்துக் காற்றை வாங்கியிருக்கிறார். மாலையானால் படுத்துவிடுவார், நான் தைலம் கொடுப்பேன். என்னைவிடக் காலில் பலம் குறைந்தவர் என்று நினைத்துக்கொண்டு.

"மாறிக்கலாங்களா?" என்றார்.

"வேண்டாம். நான் போறேன்" என்றேன். கடைசி வரைக்கும் நானே போனேன். ஒன்றிரண்டு இடத்தில் நடை வேகம்தான். அவர் முந்தவில்லை.

துறைமுகத்தில் பழைய கோபுரங்களுக்கு முன்னால் பிள்ளைகள் இரண்டு பேரும் நின்றார்கள். நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம் போல இடம் விட்டு நின்றார்கள். மாப்பிள்ளை கையை ஆட்டினார். மதியும் கையைத் தூக்கினாள், பாதியில் அப்படியே நிறுத்திவிட்டாள். நான் கிட்டே போவதற்குள் முகம் கோணிவிட்டது.

"என்னளா?" என்றேன்.

"மாமா சொல்லிட்டாங்களா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"நீங்க முன்னால வாறியளேப்பா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

வழி நெடுகிலும் இவளுக்குச் சொல்ல என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும் என்றும் இருந்தேன். கையெல்லாம் செயின் மசகு. பரவாயில்லை என்று அவள் தலையில் வைத்தேன்.

"பசிக்கி. எதும் கொண்டாந்திருக்கியா?" என்றேன்.

"புளியோதரை" என்றாள்.

நாலு பேரும் படகுத் துறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாப்பிள்ளை எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "மன்னிச்சுருங்க மாமா" என்றார். "சாப்பிடுங்க" என்றேன். இதற்குமேல் அவரிடம் பேச எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

சம்பந்தி தன் பையிலிருந்து இரண்டு உப்புப் பைகளையும் எடுத்தார். மகனுக்கு ஒன்று, மதிக்கு ஒன்று. "புது வீட்டுக்கு மொதல்ல உப்பத்தான் கொண்டுபோகோணும் கண்ணு" என்றார். மதி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் வாங்கிய ஒரு பை என்னிடமே இருக்கிறது. அதை அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

மதி பார்த்திருக்கும் வீட்டை நானும் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அதனால் அவளும் நானும் துலூஸ் போகிறோம். அவர்கள் இரண்டு பேரும் நாந்துக்குத் திரும்புகிறார்கள். ரயில் நிலையத்தில் எதிர் எதிர்ப் பிளாட்பாரம். எங்கள் வண்டிதான் முதலில். அவர் இந்தப் பக்கம் வந்து என் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். ஊருக்குப் போகும் விமானம்கூட இரண்டு பேருக்கும் வேறு வேறு நாள். இனி எந்த விசேஷத்துக்கு எங்கே வைத்து இந்த மனிதரைப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. என்னவென்று கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. கையைக் கொடுத்தேன். அவர் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

"சம்பந்தி" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார், நான் ஏதாவது சொல்கிறேனா என்று பார்ப்பது போல. "கெழக்குத் தோப்பு மோட்டார் சரியா இழுக்கறதில்லீங்க. என்ன ஏதுன்னு தெரியல. ஊருக்குப் போய் உங்களக் கேக்கோணும்."

"ஞாயித்துக்கிழம கேளுங்க சம்பந்தி" என்றேன்.

வண்டி கிளம்பிவிட்டது. அந்த மோட்டார் அவர் போன மாதம்தான் புதிதாகப் போட்டது.